கரண்டிக்கு ஓர் ஆணி

கிளென்மார்கன் மலையில் கேம்ப் என்று கூடாரம் போட்டுத் தங்கும் டூரிஸ்டுகளுக்குச் சமைத்துப் போடுவது என் வேலை. அதற்கென்றே ஒரு தகரப் பெட்டி. அடியில் கேஸ் அடுப்பு, அதன்மேல் ஒன்றுக்குள் ஒன்றாகப் பாத்திரங்கள், ஓரத்தில் உப்பு, மிளகாய்த்தூள் டப்பாக்கள். சமைத்து முடித்ததும் எல்லாவற்றையும் கழுவித் துடைத்துப் பெட்டிக்குள் வைத்துவிட வேண்டும். ஒரு கரண்டி வெளியே கிடந்தாலும் கத்திவிடுவேன். கிளம்பப் போகிற இடத்தில் எதையும் பரப்பக் கூடாது.

போன மழையில் மண் சரிந்து எங்கள் வீடு போய்விட்டது. அதற்குச் சற்று முன் வீட்டைவிட்டு ஓடச் சொன்னபோது பழக்கத்தில் என் கை எடுத்தது அந்தப் பெட்டியைத்தான். பள்ளிக்கூடத்தில் தங்கவைத்தார்கள். அதற்கும் பெயர் கேம்ப்.

"கேம்ப்தானே, சீக்கிரம் ஊட்டுக்குப் போயிரலாம்" என்று மனைவியிடம் சொன்னேன். வேளாவேளைக்குச் சமைத்தேன், கழுவினேன், பெட்டியில் அடுக்கி மூடினேன். பிறகு தகரக் கொட்டகைக்கு மாற்றினார்கள். அங்கேயும் அப்படியேதான் செய்தேன்.

இப்போது அடுத்த மழையும் வந்துவிட்டது. நேற்று மனைவி கொட்டகையின் மரத்தூணில் கல்லால் ஆணி அடித்துக்கொண்டிருந்தாள். எதற்கென்று எரிந்து விழுந்தேன்.

"கரண்டி மாட்டத்தானுங்க" என்றாள்.

பெட்டியைத் திறந்து கரண்டியை எடுத்துக் கொடுத்தேன்.