வெள்ளை சேஜுக்கு அரிசித் தண்ணீர்

வேலைக்குச் சேர்ந்த ஏழாவது வாரம் நான் ஆறு செடிகளைச் சாகடித்தேன். அதுவும் பாசத்தால்.

தோர்ண்டன் ஹீத்துக்குப் பக்கத்தில் ஒரு நர்சரி. ஜெர்மனியில் பதினைந்து வருடம் ரெஸ்டாரண்டில் கோப்பை கழுவிவிட்டு லண்டன் வந்த எனக்கு நாற்பத்தெட்டு வயதில் கிடைத்த வேலை. மூன்று மாதம் ட்ரையல். தவறினால் மறுபடியும் கோப்பைதான். என் சூப்பர்வைசர் மாலதி கோயம்புத்தூர்க்காரர், என்னைவிடப் பத்து வயது இளையவர்.

கண்ணாடிக் கூடாரத்தில் வெள்ளை சேஜ் என்ற வாசனை மூலிகைச் செடி பன்னிரண்டு தொட்டிகளில் இருந்தது. கலிபோர்னியாவிலிருந்து வந்து குடியிருக்கும் ஒரு பெண்மணி தன் ஊர்ச் செடி வேண்டுமென்று கேட்டதால் விதை போட்டு வளர்த்தவை. இலையெல்லாம் சாம்பல் பூசியதுபோல வெளிறிக் கிடந்தது. ஐயோ பாவம், சத்துக் காணாது என்று நினைத்தேன். வீட்டில் என் கறிவேப்பிலைக்கு ஊற்றும் அரிசி கழுவிய தண்ணீரைப் போத்தலில் கொண்டுவந்து தினமும் வார்த்தேன். முன்வரிசை ஆறுக்குத்தான் கை எட்டியது. நவம்பர் குளிர், தொட்டி காயவே இல்லை.

இரண்டு வாரத்தில் அந்த ஆறும் வேரழுகிச் சாய்ந்தன. குளிர்மேல் பழி போட்டிருக்கலாம். மனம் கேட்கவில்லை.

“நான்தான் தண்ணி விட்டு அழுக வைச்சுப்போட்டன். நீங்கள் சொன்னால் இண்டைக்கே போறன்” என்றேன் மாலதியிடம்.

அவர் பின்வரிசைத் தொட்டி ஒன்றைத் தூக்கிக் காட்டினார். “அண்ணா, இது எந்த ஊர்ச் செடின்னு யாரையாச்சும் கேட்டீங்களா?”

பிறகு பொறுமையாகச் சொன்னார். தெற்குக் கலிபோர்னியாவிலும் அதை ஒட்டிய மெக்சிகோப் பகுதியிலும், கடலுக்குக் கிட்டவுள்ள காய்ந்த மலைச்சரிவுகளில் தானாக வளர்வதாம். கல்லும் மணலுமான நிலம், நாள் முழுக்க வெயில், கோடையில் மழையே கிடையாது. வேரில் தண்ணீர் தேங்கினால் முடிந்தது. அந்த வெள்ளை நோயல்ல, வெயிலுக்கு அது போட்டிருக்கும் சட்டை. இங்கே வளர்ப்பதானால் மண்ணில் பாதிக்குச் சரளைக்கல் கலந்து, குளிர்காலத்தில் மழை படாமல் வைக்க வேண்டும்.

அந்தப் பெண்மணி வந்தபோது உண்மையை நானே சொன்னேன். மிஞ்சிய ஆறில் ஒன்றின் இலையைக் கசக்கி மணந்து பார்த்தார். கண் கலங்கிவிட்டது. ஆறே போதும் என்றார்.

அடுத்த திங்கள் வேலைப் பட்டியலில் என் பெயருக்கு நேரே கூடாரம் முழுவதற்கும் தண்ணீர்ப் பொறுப்பு என்று எழுதியிருந்தது. தவறுதலாக எழுதிவிட்டாரோ என்று மாலதியிடம் போய்க் கேட்டேன்.

“எப்ப ஊத்தக் கூடாதுன்னு இங்க உங்களுக்குத்தான் நல்லாத் தெரியும்” என்றார்.

இன்றைக்கும் புதுச்செடி வந்தால் முதலில் அதன் ஊரைக் கேட்கிறேன். மாலதியை நினைக்காமல் ஒருநாளும் குழாயைத் திறந்ததில்லை.