சோகை வைத்து அடைத்த கரை

கார்த்திகை பத்தாம் தேதி, காலை ஏழேகால், விடாத தூறல். உடைந்துபோன எங்கள் சொந்தக் குளத்தின் கரையை ஜேசிபி தோண்டியபோது, கரும்புச் சோகை மக்கிய புளித்த நாற்றம் எழுந்தது. எனக்கு ஒன்பது வயதில் இதே இடம் உடைந்தது. நெல்லிக்குப்பம் ஆலைக்குக் கரும்பு வெட்டி அனுப்பியபின் வயலில் மிஞ்சிய அந்தச் சோகையை அப்பாவும், அம்மாவின் அண்ணனான மாமாவும் கட்டுக் கட்டாகத் திணித்து, மேலே மண் கொட்டி, சேறு உறிஞ்சும் சத்தத்தோடு பொழுது சாயும்வரை மிதித்தார்கள்.

"மாப்ள, இது மக்குனா உள்ள பொந்து வுழும். ஏரிக் களிமண்ணு நாலு வண்டி அடிச்சுடலாம்," என்றார் மாமா.

அப்பா சிரித்தார். "பெரிய இன்ஜினீருதான் போ மச்சான்! மழ நிக்கட்டும், பாக்கலாம்."

மழை நின்றது, கரையும் நின்றது, யாரும் பார்க்கவில்லை. மூன்றாவது மழைக்காலத்தில், கசிவை மிதித்து அடைக்கப் போன மாமாவின் காலடியிலேயே கரை வாய் பிளந்தது. மறுநாள்தான் கீழ்வயலில் அவர் உடல் கிடைத்தது. அந்த உடைப்பையும் அப்பா சோகை வைத்தே அடைத்தார்.

இந்த முறை அடிவரை தோண்டியெடுத்து, பதினாறு டிராக்டர் களிமண் இறக்கினேன். ஜேசிபி வாடகையும் சேர்த்து முப்பத்தெட்டாயிரத்து நானூறு ரூபாய்.