கதவுக்கு முட்டுக் கொடுத்த கல்

நெமிலிச்சேரி ஸ்டேஷனின் சிமெண்ட் பெஞ்சில் அன்று சாயங்காலம் இருந்தது மூன்று பேர். நான், அம்பத்தூர் எஸ்டேட்டில் என்னோடு ஒரே லேத் பட்டறையில் வேலை பார்த்த நண்பன், ஆவடி குவார்ட்டர்ஸில் குடியிருந்த திருநெல்வேலிக்காரன். இல்லாதது பட்டறை நண்பனின் அண்ணன். போன வருஷம் கூட்டாளிகள் இரண்டு பேரோடு நாகலாபுரம் மலைக்குப் போனவர், அங்கே ஒரு குளத்தில் இறங்கி மேலே வரவில்லை. தேடினார்கள். உடம்பு கிடைக்கவில்லை.

அந்த மலைக்குத்தான் நாங்கள் ஒருநாள் போய்வரத் திட்டம் போட்டுக்கொண்டிருந்தோம். உடம்பைப் பார்க்காததால் நண்பனின் அம்மா கருமாதி செய்ய விடவில்லை. பெரியவன் வருவான் என்று வாசல் கதவைச் சாத்தவும் விடவில்லை. கைக்கு அடங்குகிற ஒரு கருங்கல்லைக் கதவுக்கு முட்டுக் கொடுத்து வைத்திருந்தார். மழையிலும் கதவு திறந்தே கிடந்தது. அதைப் பார்த்தபடி தூங்காமல் உட்கார்ந்தே அந்த அம்மா பாதி ஆளாகிவிட்டார்.

"அந்தக் கொளத்த ஒரு தபா பாத்துட்டு வந்து, அண்ணன் இனிமே வராதும்மான்னு சொல்லணும் மச்சான். இல்லாங்காட்டி அம்மாவும் பூடும்," என்றான் நண்பன்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் பாரிவாக்கத்தில் அடுத்தவர் கழனியில் நாற்று நட்டவர்கள். பாலிடெக்னிக் படித்தவன் என்று திட்டம் போடுகிற வேலையை என்னிடம் விட்டிருந்தார்கள். நானும் ஊத்துக்கோட்டை பஸ் எப்போது, அங்கிருந்து நாகலாபுரத்துக்கு எது என்றெல்லாம் பொறுப்பாக விசாரித்து வைத்திருந்தேன். மலைக்குள் வழிதான் தெரியவில்லை.

"நான் சொல்றேன்," என்றான் நண்பன். "மாந்தோப்பு தாண்டுனா ஓடை. அப்பால ரெண்டா பொளந்த பாறை ஒண்ணு கீது. அதுக்கு மேல மூணாவது கொளம்."

"ஒனக்கு எப்படிலே தெரியும்?" என்றான் திருநெல்வேலிக்காரன்.

"அண்ணன் சொல்ச்சி."

அவர் அந்த மலைக்குப் போனது ஒரே ஒரு முறைதான். "எப்ப சொன்னாரு?" என்று கேட்டேன்.

"நேத்து."

ரயில் ஒன்று நிற்காமல் போனது. அதன் சத்தம் அடங்கிய பிறகு, "கனாவுலடா," என்றான் நண்பன். அது எனக்கு ஆறுதலாக இல்லை.

"இன்னோர் விசயம். மூணு பேரா போவக் கூடாது. அவங்க மூணு பேராத்தான் போனாங்க. கல்லு எடுத்துக்கல."

எங்கள் பக்கத்தில் மூன்று பேராக ஒரு காரியத்துக்குப் புறப்பட மாட்டார்கள். நாலாவது ஆள் கிடைக்காவிட்டால் ஒரு கல்லை எடுத்துப் பையில் போட்டு, அதையும் ஓர் ஆளாகக் கணக்கில் சேர்ப்பார்கள்.

"அப்ப கல்லுக்கும் புளிசோறு கட்டணுமாலே?" என்று திருநெல்வேலிக்காரன் சிரித்தான்.

"கட்டு. செலவும் நாலு பங்குதான். கல்லோட பங்கு என்னுது."

நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம். அவன் சிரிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, நண்பன் அம்மாவிடம் திருத்தணி கோயிலுக்கு என்று சொல்லிவிட்டு வந்தான். ஊத்துக்கோட்டை பஸ்ஸில் நாங்கள் வாய் திறப்பதற்குள் கண்டக்டர் நாலு டிக்கெட் கிழித்தார்.

"மூணுதான் சார்," என்றேன்.

"பின்னால நிக்கிறவரு உங்க கூட ஏறுனவர்தானே?"

திரும்பிப் பார்த்தேன். நெரிசலில் எல்லோரும் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். நண்பன் என் கையை அழுத்திவிட்டு, நாலுக்கும் காசு கொடுத்தான்.

மாந்தோப்பு இருந்தது. ஓடை இருந்தது. இரண்டாகப் பிளந்த பாறையைக் கண்டதும் திருநெல்வேலிக்காரன் கேலிப் பேச்சை நிறுத்தினான். அதற்கு மேல் பறவைச் சத்தம்கூட இல்லை. மூன்றாவது குளத்தின் தண்ணீர் கறுப்பாக இருந்தது. அதில் விழுந்த இலைகள் மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றி, விழுந்த இடத்துக்கே வந்து நின்றன.

நண்பன் பையிலிருந்து கல்லை எடுத்தான். அதன் ஒரு பக்கத்தில் பச்சைப் பெயிண்ட் ஒட்டியிருந்தது. அவர்கள் வீட்டுக் கதவின் பச்சை.

"இதையாலே தூக்கியாந்த?" என்றான் திருநெல்வேலிக்காரன்.

கருமாதியில் செத்தவருக்குப் பதிலாக ஒரு கல்லை வைத்துப் படையல் போட்டு, கடைசியில் அதைத் தண்ணீரில் விடுவார்கள். நண்பனும் நாலாவது புளிசோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துக் கல்லுக்கு முன்னால் வைத்தான். கொஞ்ச நேரம் பொறுத்து, "போண்ணா," என்று சொல்லி அதைக் குளத்தில் விட்டான். கல் மூழ்கி வெகுநேரமான பிறகும் அந்த இடத்தில் குமிழி வந்துகொண்டே இருந்தது. பாறை இடுக்கில் காற்று இருந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

திரும்பும்போது வேறொரு கண்டக்டர். எங்களைக் கேட்காமலே மூன்று டிக்கெட் கிழித்தார்.

முத்தாபுதுப்பேட்டையில் அவர்கள் வீட்டுக்குப் போனபோது கதவு சாத்தியிருந்தது. நண்பன் தட்டினான். உள்ளே தாழ்ப்பாள் விலகுகிற சத்தம் கேட்டது. ஒரு வருஷமாகத் திறந்தே கிடந்த கதவுக்குத் தாழ்ப்பாளும் போட்டிருந்தார்!

அம்மா எங்களைப் பார்த்துவிட்டு அவனிடம் கேட்டார். "திருத்தணில சாமி பாத்தியா?"

அவன் காலிப் பையைக் கீழே வைத்தான்.

"கார்த்தால லேசா கண்ணு அசந்துட்டேன், முழிச்சிப் பாத்தா கல்லக் காணோம். கதவு தானா சாத்திக்கிச்சு. எங்க போட்ட?"

"மூணாவது கொளத்துலம்மா. அண்ணன் எறங்குன எடத்துல."

அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. "ஆழமா கீதா?" என்றார்.

"ஆமாம்மா."

சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார். "அய்யரக் கூப்டு. நாள் பாக்கச் சொல்லு," என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "மொத்தம் எவ்ளோ ஆச்சு நைனா?"

"எண்பத்தெட்டும்மா."

"எத்தினி பேரு?"

மூன்று என்றுதான் சொல்ல வாயெடுத்தேன். "நாலு பேரு," என்று வந்துவிட்டது.

முந்தானை முடிச்சை அவிழ்த்தார். "சின்னவன் எதுக்குக் குடுக்கணும்? பெரியவன் பங்கு நான் தரேன்," என்று என் உள்ளங்கையில் எண்ணி வைத்தார். இருபத்திரண்டு ரூபாய்.