பெரியப்பா நிற்கும் இடங்கள்

கம்பவுண்டுச் சுவரின் மேல் இரண்டு வெள்ளை கேன்வாஸ் ஷூக்கள் காய்ந்துகொண்டிருக்கும். சனிக்கிழமை சாயங்காலங்களை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அந்தக் காட்சிதான். பாலிஷ் ஈரமாக இருக்கும்வரை அவை சாம்பல் நிறத்தில் இருக்கும்; காயக் காய வெளுத்துக்கொண்டே வரும். அவற்றுக்குப் பின்னால், மாடி வீடுகளுக்கும் மேலே தெரியும் திண்டுக்கல் மலை அதே நேரத்தில் கறுத்துக்கொண்டே போகும். மலையில் இருந்த வெளிச்சம்தான் மெல்ல இறங்கி வந்து பெரியப்பாவின் ஷூக்களுக்குள் சேர்கிறது என்று சின்ன வயதில் நம்பியிருந்தேன்.

பெரியப்பா ஒரு பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர். ஊருக்கே அவர் மாஸ்டர்தான். விசில், சிகரெட், வெள்ளை ஷூ ஆகிய மூன்றும் இல்லாமல் அவரைப் பார்த்தவர்கள் குறைவு. அவருக்குப் பிள்ளைகள் இல்லை. நாங்கள் அதே தெருவில் நான்கு வீடு தள்ளிக் குடியிருந்ததால், மாதா கோயிலின் ஞாயிறு மாலைப் பூசைக்கு என்னைக் கையைப் பிடித்து அழைத்துப் போவது அவர் வேலை. கோயில் அப்படியொன்றும் தூரமில்லை. ஆனாலும் முன்னால் கிளம்பும் பெரியப்பாவும் நானும், பின்னால் கிளம்பும் அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் பிறகுதான் போய்ச் சேர்வோம். வழியில் நின்று பேசுவதற்கு அவருக்கு அத்தனை பேர் இருந்தார்கள். "தேரு கூட இம்புட்டு எடத்துல நிக்காது" என்பாள் பெரியம்மா.

எதையும் வரிசைப்படுத்தி வைத்துக்கொள்ளும் பழக்கம் எனக்கு அப்போதே உண்டு. நான் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது, கோயிலுக்குச் சற்று முன்னால் இருக்கும் பூட்டுக் கடை ஒன்றில் மட்டும்தான் நிற்போம். உள்ளே கறுத்த பூட்டுகள் வௌவால்கள்போல் தொங்கும். இரும்புத் தூள் வாசனை வரும். ஐந்தாம் வகுப்பில் பாயின் செருப்புக் கடை சேர்ந்துகொண்டது. "வாங்க மாஸ்டர், நம்ம கடைல ஒரு ஜோடி வாங்காமலே ஸ்டூல மட்டும் தேய்க்கிறீங்களே" என்று பாய் சிரிப்பார். "ஸ்டூலு தேஞ்சா புதுசு வாங்கித் தாரேன் பாய்" என்று பெரியப்பா உட்கார்ந்துகொள்வார். தோல் வாசனைக்கு நடுவே எனக்கு ஒரு கடலை மிட்டாய் கிடைக்கும். ஒன்பதாம் வகுப்பில் அதற்கும் முன்னால் சைக்கிள் கடை. நான் மதுரையில் பிசியோதெரபி படிக்கப் போன வருஷம், எங்கள் தெரு முக்கிலேயே நிற்கும் இஸ்திரி வண்டி. கரியின் அனலில் அவர் முகம் சிவந்து தெரிய, அரசியல் பேசிக்கொண்டு நிற்பார். வயதாக ஆக மனிதருக்குப் பேச்சு கூடுகிறது என்று தெருவே சொன்னது. தவக்காலத்தில் மட்டும் அவர் நிற்பது கொஞ்சம் குறையும். ஈஸ்டர் வரை சிகரெட் தொடமாட்டேன் என்பது அவருடைய வருடாந்தர நேர்த்திக்கடன். தபசு காலத்தில் வாய்ப்பேச்சையும் குறைத்துக்கொள்கிறார் என்று பெரியம்மா மெச்சிக்கொள்வாள்.

கல்லூரியில், காலுக்கு இரத்த ஓட்டம் குறைவதன் அடையாளங்களை எங்களுக்கு ஒரு பட்டியலாகச் சொல்லிக்கொடுத்தார்கள். நடந்தால் கெண்டைக்கால் இறுக்கிப் பிடிக்கும், நின்றால் சற்று நேரத்தில் விட்டுவிடும். மறுபடி நடந்தால் ஏறக்குறைய அதே தூரத்தில் மறுபடி பிடிக்கும். நோய் முற்ற முற்ற அந்தத் தூரம் குறுகும். பாதம் சில்லிட்டிருக்கும், முழங்காலுக்குக் கீழே முடி உதிர்ந்து தோல் பளபளக்கும், நகம் தடிக்கும், சின்னப் புண்ணும் ஆறாது. புகைப்பவர்களிடம் இது அதிகம். அந்தப் பட்டியலை வரிசை பிசகாமல் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கினேன். அதில் இஸ்திரி வண்டி இல்லை, சைக்கிள் கடை இல்லை, பாயின் ஸ்டூல் இல்லை.

படிப்பின் கடைசி வருஷம், ஈஸ்டருக்கு முந்தின பெரிய வாரத்துக்கு ஊருக்கு வந்திருந்தேன். பெரிய வியாழன் பூசையில் பாதம் கழுவும் சடங்குக்குப் பங்கு மக்களிலிருந்து பன்னிரண்டு ஆண்களை உட்கார வைப்பார்கள். மூன்றாவது நாற்காலி பல வருஷமாகப் பெரியப்பாவுடையது. எங்கள் கோயிலில் வலது பாதத்தை மட்டும்தான் கழுவுவது வழக்கம். சாமியார் ஒவ்வொருவர் முன்னாலும் முழங்காலிட்டு, வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றி, துண்டால் துடைத்துக்கொண்டு வந்தார். ஊதுபத்திப் புகையும் மெழுகுவர்த்தி வெளிச்சமும் கலந்து, பீடத்தின் பக்கம் எல்லாம் தண்ணீருக்கு அடியில் நடப்பதுபோல இருந்தது. பெரியப்பா இடது ஷூவை மட்டும் கழற்றி வைத்திருந்தார். "மாஸ்டர், வலது கால்" என்று சாமியார் மெதுவாகச் சொன்னது மைக்கில் விழுந்துவிட்டது. "எடது காலும் எத்தன வருசந்தான் பாத்துக்கிட்டே இருக்கும் சாமி? இந்தத் தடவ அதுக்கு ஒரு சான்ஸ் குடுங்க" என்றார். கோயிலே சிரித்தது. சாமியாரும் சிரித்துக்கொண்டே இடது பாதத்தைக் கழுவினார். பக்கத்திலிருந்த பெரியம்மா மட்டும் சிரிக்கவில்லை. "மனுசன் படுக்கையில படுக்குறதே இல்லடி. நாற்காலில காலத் தொங்கப் போட்டுக்கிட்டே தூங்குறாரு" என்று என் காதில் முணுமுணுத்தாள்.

மறுநாள் பெரிய வெள்ளி. மூன்று மணி வெயிலில் சிலுவைப் பாதை தெருக்களைச் சுற்றிப் போனது. ஒவ்வொரு நிலையிலும் எல்லோரும் நின்று ஜெபித்துவிட்டு நடந்தோம். பாட்டும் வெயிலும் புழுதியும் சேர்ந்து அரைத்தூக்கம்போல என்னை இழுத்துக்கொண்டு போயின. பெரியப்பா எனக்கு முன்னால் எல்லோரையும்போல நடந்துகொண்டிருந்தார். எல்லோரும் நிற்கிறபோது அவரும் நிற்பது என் கண்ணில் தனியாகத் தெரியவில்லை. ஒன்பதாம் நிலையைத் தாண்டியதும் ஒரு கிடங்கின் நீளமான மதில் வரும். அங்கே கடையுமில்லை, ஆளுமில்லை. அடுத்த நிலையும் தூரம். பாதி மதிலில் பெரியப்பா ஓரம் ஒதுங்கி, பாதி கிழிந்திருந்த ஒரு சினிமா போஸ்டரைப் படிக்க ஆரம்பித்தார்.

"பெரிய வெள்ளி அதுவுமா சினிமாவா மாஸ்டர்?" என்று கூட்டத்தில் யாரோ கத்தினார்கள்.

"எந்த ஆட்டம்னு பாத்து வைக்கிறேன்டா. ஈஸ்டருக்குப் போவணும்ல" என்று திரும்பாமலே பதில் சொன்னார். அவர் கழுத்தெல்லாம் வியர்வை. ஒரு கை மதிலில் ஊன்றியிருந்தது. மறு கை வலது கெண்டைக்காலைப் பிடித்திருந்தது. ஜெபம் எங்களைத் தாண்டிப் போயிற்று. அந்த வெறும் மதிலின் முன்னால்தான் பூட்டுக் கடை, செருப்புக் கடை, சைக்கிள் கடை, இஸ்திரி வண்டி என்று என் வரிசை முழுவதும் கோயிலிலிருந்து வீட்டை நோக்கி நகர்ந்து வந்தது எனக்குப் புரிந்தது.

அன்று வீட்டில் ஷூவைக் கழற்றவைப்பது பெரும்பாடாகிவிட்டது. பெரியம்மா அழுத பிறகுதான் கழற்றினார். வலது பாதம் மெழுகுபோலச் சில்லென்று இருந்தது. இரண்டாவது விரலில் ஷூ கடித்த புண், ஓரம் கறுத்திருந்தது. பொங்கலிலிருந்து மஞ்சள் பற்றுப் போட்டு மறைத்து வைத்திருந்தாராம். காலைத் தூக்கிப் பிடித்தால் வெளிறியது. தொங்கவிட்டால் பீட்ரூட்டாகச் சிவந்தது; அவர் நாற்காலியில் தூங்கியது அதனால்தான். இடது பாதத்தின் மேல் என் விரலை வைத்ததும் நாடி துள்ளியது. வலதில் தேடிக்கொண்டே இருந்தேன்.

"என்ன பாப்பா, கம்மல் திருகாணிய தொலைச்சவ மாதிரி தேடுற?" என்றார் பெரியப்பா. நான் விரலை நகர்த்தி மறுபடி வைத்தேன். அவர் குரல் இறங்கியது. "தெரியும். எங்க ஸ்கூல் தமிழ் ஐயாவுக்கும் இப்பிடித்தான் ஆரம்பிச்சுச்சு. முழங்காலோட எடுத்துட்டாங்க. காலில்லாத டிரில் மாஸ்டர எந்தப் பய மதிப்பான்?"

"இன்னும் மறைச்சா அதுதான் நடக்கும் பெரியப்பா. நாளைக்கே மதுரைக்குப் போறோம்."

சனிக்கிழமை காலையிலேயே போனோம். தொடையில் இரத்தக் குழாய் அடைத்திருந்தது. இன்னும் சில வாரம் விட்டிருந்தால் கால் தங்கியிருக்காது என்றார் மருத்துவர். இடது காலிலிருந்து ஒரு குழாயை எடுத்து வலது காலில் மாற்றுவழி அமைத்தார்கள். இரண்டு விரல்கள் போயின, கால் தங்கியது. இனி ஒரு சிகரெட்டும் கூடாது என்று மருத்துவர் சொன்னபோது, "அப்ப எனக்கு இனிமே ஈஸ்டரே கெடையாதுன்னு சொல்லுங்க" என்றார். பிறகு என்னிடம், "பாத்தியா, எடது காலுக்கு ஒரு சான்ஸ் குடுத்தேன். பதில் மரியாத செஞ்சிருச்சு" என்றார். சிரிக்கும்போது கண் நிறைந்திருந்தது.

அடுத்த வருஷம் பெரிய வியாழனன்று மூன்றாவது நாற்காலியில் இரண்டு ஷூக்களையும் கழற்றி வைத்தார். மூன்று விரல்கள் மட்டுமிருந்த வலது பாதத்தை எல்லோர் முன்னாலும் நீட்டினார். சாமியார் தண்ணீரை ஊற்றினார். "சுடுது சாமி!" என்ற பெரியப்பாவின் சத்தம் மைக் இல்லாமலே கடைசி பெஞ்சுவரை கேட்டது. அவ்வளவு சந்தோஷமாக ஒரு மனிதர் சூட்டைக் குறை சொல்லி நான் கேட்டதில்லை.

இப்போது நான் ஒரு மருத்துவமனையில் வேலை பார்க்கிறேன். கால் வலி என்று வருகிறவர்களிடம், எவ்வளவு தூரம் நடப்பீர்கள் என்று நான் கேட்பதில்லை. வழியில் எங்கெங்கே நிற்பீர்கள், போன வருஷம் எங்கே நின்றீர்கள் என்றுதான் கேட்கிறேன். அவர்கள் டீக்கடையை, வேப்பமரத்தை, தங்கை வீட்டைச் சொல்லச் சொல்ல, தெரியாத தெருக்கள் எனக்குள் நீண்டுகொண்டே போகும்.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். ஞாயிறு மாலை பெரியப்பாவோடு கோயிலுக்குக் கிளம்பினேன். இஸ்திரி வண்டி, சைக்கிள் கடை எல்லாவற்றையும் நிற்காமல் தாண்டினார். செருப்புக் கடையைத் தாண்டும்போது உள்ளேயிருந்து பாயின் குரல் வந்தது: "கால் நல்லாயிருச்சுன்னு மாஸ்டருக்குத் தெனாவெட்டு வந்துருச்சு. இப்பல்லாம் நம்மள மதிக்கிறதே இல்ல."

பூசை மணி அடித்துக்கொண்டிருந்தது. பெரியப்பா நின்றார். ஒரு வலியும் இல்லாமல் திரும்பி வந்து அந்தப் பழைய ஸ்டூலில் உட்கார்ந்தார். "சொல்லுங்க பாய்" என்று கால்களை நீட்டினார். முந்தின நாள் சுவரில் காய்ந்திருந்த ஷூக்கள், வலது நுனியில் பஞ்சு அடைத்தவை, தெருவிளக்கு இன்னும் எரியாத அந்த மங்கலில் வெளேரென்று தெரிந்தன. பின்னால் மலை கறுத்துக்கொண்டிருந்தது.