துள்ளாத சொட்டைவாளை

புதூர்நாட்டு முனியனுக்கு வயிற்றெரிச்சல் கூடவே பிறந்தது. பக்கத்துக் கொல்லையில் பலா முதலில் காய்த்துவிட்டால் அன்றைக்கு அவருக்குக் களி இறங்காது. நாற்பத்தைந்து வயதுவரை புளி உலுக்கியும் சாமை விதைத்தும் இப்படியே எரிந்துகொண்டிருந்த மனிதருக்கு, ஓடைக்கரையில் மீன் ஆராய்ச்சி வந்ததும் புது விறகு கிடைத்தது.

கல்லூரியிலிருந்து வந்த பிரியதர்ஷினி மேடம் இரண்டு சிமெண்ட் தொட்டிகளில் சொட்டைவாளை விட்டிருந்தார். மனிதன் பிறப்பதற்குப் பல கோடி வருஷம் முந்திய வம்சமாம். ஒரு தொட்டிக்கு முனியன் பொறுப்பு, இன்னொன்றுக்கு அதே ஊர்க்காரன் தீர்த்தகிரி. தீர்த்தகிரியின் தொட்டியில் மட்டும் ஹீட்டர் போட்டிருந்தார்கள்.

"எனுக்கு இன்னாத்துக்கு ஹீட்டர் இல்ல மேடம்?"

"உங்க தண்ணி ஓடைத் தண்ணி மாதிரியே இருக்கணும்ணா. ஒண்ணும் மாத்தாதீங்க."

ஓரவஞ்சனைதான் என்று முனியன் முடிவு கட்டினார்.

வாரம் ஒருமுறை மேடம் மீனை வலையில் அள்ளி, வாளியில் அரைமணி வைத்து, ரத்தம் எடுப்பார். மீன் மிரண்டால் ரத்தத்தில் ஒரு சுரப்பு ஏறும், அது எவ்வளவு ஏறியது என்றுதான் கணக்கு. முடிவு வந்ததும் பலகையில் எழுதுவார். முனியன் மீனுக்கு எப்போதும் எண்பதுதான். தீர்த்தகிரி மீனுக்கு எழுபது, அப்புறம் நாற்பது, அப்புறம் பன்னிரண்டு. பயமில்லாத மீன்! மழை வந்ததும் ஒரு தொட்டி மீனை முனியன் வீட்டுக்குப் பின்னால் ஓடும் ஓடையில் விடப்போகிறார்கள். எண் குறைந்ததைத்தானே விடுவார்கள்; என் வீட்டு ஓடையில் அவன் மீனா? முனியனுக்குத் தாளவில்லை. மறுநாளிலிருந்து தினமும் காலையில், யாரும் வருமுன், ஒரு குண்டான் வெந்நீரைத் தன் தொட்டியில் ஊற்றினார்.

ஆறு வாரத்தில் எண் பதினைந்துக்கு இறங்கியது. மேடம் பலகையையே வெறித்தார்.

"தண்ணியில என்ன பண்ணீங்க?"

முனியன் மீசையை நீவிக்கொண்டே சொன்னார். மேடத்தின் முகம் செத்துப்போனது.

"கொறைஞ்சா பயமில்லன்னு அர்த்தம் இல்லண்ணா. சூட்டுல பயந்து பயந்து, மிரளக்கூட தெம்பு இல்லாம போயிடுச்சு. கொக்கு வந்தாக்கூட இனிமே ஓடாது. உங்க மீனத்தான் ஓடையில விடறதா இருந்தேன்."

அவர் போனபின் தீர்த்தகிரி பக்கத்தில் வந்து நின்றான்.

"தெனமும் உன் தொட்டியத்தாண்ணே பாத்துனு இருப்பேன். வலைய வெச்சா இன்னா துள்ளு துள்ளும்! எனுக்கு அப்டியே வயிறு எரியும்."

ஆயுளில் முதல்முறையாக ஒருவன் முனியனைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறான். அதுவும் அவருக்குத் தெரியாமலே.

அவர் வலையைத் தொட்டிக்குள் விட்டார். மீன் தானாக வந்து அதில் கிடந்தது.