பானட்டில் ஒரு பொட்டு

ஜமுனாமரத்தூரில் எனக்கென்று தனியாகப் பெயர் கிடையாது. 'டீச்சர் வூட்டுக்காரர்' என்றால்தான் யாருக்கும் தெரியும். என் மனைவிக்கு அங்கே பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்து இரண்டு வருடம் கழித்து, எண்பதுகளின் தொடக்கத்தில், சென்னையிலிருந்து மூட்டை கட்டிக்கொண்டு நானும் மலை ஏறிவிட்டேன். வந்த முதல் வாரமே டீக்கடையில் ஒருவர் பிடித்துக்கொண்டார்.

"டீச்சரு வேலைக்குப் போறாங்க. நீங்க இன்னா பண்றீங்க?"

"ஃபைபர் கிளாஸ் வேலைங்க. வண்டிங்களுக்கு பானட், மட்கார்டு எல்லாம் செய்வேன்."

"கண்ணாடியிலயா?"

கண்ணாடி நாரை ரெசினில் ஊறவைத்து, அச்சில் ஒட்டி, இறுகியதும் எடுத்தால் தகரத்தைவிடக் கெட்டியாக இருக்கும் என்று மூச்சு வாங்க விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். எல்லாம் கேட்டுவிட்டு, "டீச்சருக்கு சம்பளம் நல்லா வர்தில்ல?" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சென்னைப் பட்டறையில் ஏழு வருடம் இதே வேலைதான். கடையில் கிடைக்காத வடிவத்தில் காருக்கு எது வேண்டுமென்றாலும் எங்களிடம் வருவார்கள். எனக்குக் கோபம் மூக்கின் மேல் நிற்கும். முதலாளிக்கு அதற்கும் ஒரு சாண் மேலே. மாதம் ஒரு சண்டை நிச்சயம். கடைசிச் சண்டையில் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். உண்மையைச் சொன்னால் சண்டை ஒரு சாக்குதான். இரண்டு வருடமாக மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை மலைக்கு வருவதும், ஞாயிற்றுக்கிழமை சாயங்கால பஸ்ஸில் இறங்குவதுமாக எனக்கு வாழ்க்கையே அலுத்துப் போயிருந்தது. பஸ் திரும்பும்வரை அவள் மரத்தடியில் நின்றுகொண்டிருப்பாள். கை கூட ஆட்டமாட்டாள்.

வந்துவிட்டேன், சரி. மலையில் கார் எங்கே இருக்கிறது? நான்கு மாதம் வீட்டில் சமைத்தேன், தண்ணீர் பிடித்தேன், வாங்கி வைத்த ஃபைபர் சுருளைத் தூசி தட்டினேன். கார்த்திகையில் முதலாளியிடமிருந்து கடிதம் வந்தது. பழசை மறந்துவிடலாம், தை பிறந்ததும் வந்துவிடு என்று எழுதியிருந்தார். மனைவிக்குப் படித்துக் காட்டினேன்.

"தைக்குள்ள ஒரு வேலையாவது இங்க அமைஞ்சிட்டா நான் போவமாட்டேன். இல்லன்னா போய்த்தான் ஆவணும்" என்றேன்.

அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்திலிருந்து கண்ணை எடுக்காமல், "உங்க இஷ்டங்க" என்றாள்.

போகாதீங்க என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன குறைந்துவிடும்? அன்று இரண்டு வேளை நான் அவளோடு பேசவில்லை. அவள் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

அந்த வாரமே தெய்வம் போல ஜீப்காரர் வந்தார். மலைக்காரர், சாமை விதைப்பவர், புளிய மரங்களும் உண்டு. பழைய ஜீப் ஒன்றை வைத்துக்கொண்டு காவலூர் வரைக்கும் ஆளும் மூட்டையும் ஏற்றுவார். மலைப்பாதையில் பாதி ஏறுவதற்குள் அந்த ஜீப்புக்கு ரேடியேட்டர் கொதித்துவிடும். அதனால் பானட்டைக் கொஞ்சம் தூக்கி, நடுவில் ஒரு விறகுக் கட்டையைச் செருகித்தான் ஓட்டுவார். எதிரே வருபவர்களுக்கு வண்டி வாயைத் திறந்துகொண்டு கடிக்க வருவது போல இருக்கும்.

"நீங்க வண்டிக்கு இன்னா வேணா செய்வீங்களாமே சார்? கட்டை வெக்காம சூடு வெளிய போற மாதிரி ஒரு பானட்டு செஞ்சி குடுங்களேன். தை மாசம் புளி உலுக்க ஆரம்பிச்சா ஓயாம லோடு இருக்கும்."

அவரைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு, "பாக்கலாம்" என்றேன்.

வீட்டுக்குப் பின்னாலிருந்த கொட்டகையில் வேலை தொடங்கியது. அவருடைய பழைய பானட்டை டிங்கரிங் செய்து நிமிர்த்தி, அதன்மேல் பிளாஸ்டர் வைத்து ஒரு மேடு எழுப்பினேன். மேட்டின் பின்பக்கத்தை அறுத்துவிட்டால் சூடு அந்த வழியாகப் போய்விடும். பட்டி பூசித் தேய்த்தேன், மறுபடி பூசித் தேய்த்தேன். கடைசியில் மெழுகு பாலிஷ் ஏழு கை. முகம் பார்த்துத் தலை வாரலாம், அப்படி ஒரு பளபளப்பு. இந்த மாதிரியின் மேல் ரெசினும் நாரும் ஒட்டி எடுப்பதுதான் அச்சு. அப்புறம் அந்த அச்சிலிருந்து எத்தனை பானட் வேண்டுமானாலும் எடுக்கலாம். ஆனால் மாதிரியில் என்ன இருக்கிறதோ அது அத்தனையும் அச்சில் விழும். ஒரு தலைமுடி ஒட்டியிருந்தால்கூட விழும்.

"யாரும் கிட்ட வரக்கூடாது! விரல் பட்டா ரேகை கூட மோல்டுல தெரியும்" என்று வீடு அதிரக் கத்தி வைத்தேன். வேடிக்கை பார்க்க வந்த ஜீப்காரர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். மனைவி வாசல்படியோடு நின்றுவிட்டாள்.

ரெசின் டின் வேலூரிலிருந்து பஸ்ஸில் வந்தது. அந்த நாற்றத்துக்குக் கண்டக்டர் உள்ளே ஏற்றமாட்டேன் என்று கூரைமேல் கட்டிவிட்டார். ரெசினை இறுகவைக்கும் ஹார்டனர் பாட்டிலை நான் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். கலக்கிப் பார்த்தால் சென்னையில் அரை மணியில் இறுகுவது இங்கே சாயங்காலம் வரை பாகாகவே இருந்தது. மார்கழிக் குளிர். ரெசினும் என்னைப் போலத்தான், சூடேறினால்தான் வேலை செய்யும். காலைப் பனி விலகி, கொட்டகைக்குள் வெயில் விழும் இரண்டு மூன்று மணி நேரம்தான் எனக்குக் கிடைக்கும் என்று புரிந்தது.

அப்படி ஒரு வெள்ளிக்கிழமை காலை, வெயில் வந்ததும் அவசர அவசரமாக ஆரம்பித்தேன். மாதிரியின் முன்பக்கம் சுவரைப் பார்த்தபடி இருந்தது. எட்டிக் கையை விட்டு, பார்க்காமலே அங்கே பிரஷ் ஓட்டினேன். மூன்று நாள் நார் மேல் நாராக ஒட்டினேன். இறுகியதும் ஓரத்தில் மர ஆப்பு செருகி, இடுக்கில் தண்ணீர் ஊற்றித் தட்டினேன். 'டப்' என்று ஒரு சத்தம். அச்சு தனியாக வந்துவிட்டது.

திருப்பிப் பார்த்தேன். கண்ணாடி போன்ற பரப்பு. நடுவில், மேட்டின் நெற்றிக்கு நேராக ஒரு சின்னப் பள்ளம். அதில் காய்ந்த சந்தனம், ஓரத்தில் குங்குமச் சிவப்பு.

எவனோ மாதிரிக்குப் பொட்டு வைத்திருக்கிறான்! எவனோ என்ன எவனோ? தினமும் காலையில் சந்தனம் வைக்காமல் ஜீப்பைக் கிளப்பாத ஆள் மலையில் ஒருவர்தான் எனக்குத் தெரியும். அன்று சந்தை நாள். கையில் ஒட்டியிருந்த ரெசினைக்கூடத் துடைக்காமல் ஓடினேன். சாமை மூட்டைகளுக்கு நடுவே, அவருடைய சொந்தக்காரர்கள் பத்துப் பேர் பார்க்க, அவரைப் பிடித்துக்கொண்டேன். தொழில் தெரியுமா உமக்கு, என் பிழைப்பில் மண் போட்டுவிட்டீரே, பதினைந்து நாள் வேலை என்று வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன்.

அவர் முகம் சுருங்கிப் போயிற்று. "நான் வெக்கல சார். வெச்சிருந்தா வெச்சேன்னு சொல்லமாட்டேனா? நீங்க தொடாதீங்கன்னு சொன்னப்புறம் நான் அந்தப் பக்கமே வர்ல."

"பின்ன சாமி வந்து வெச்சிதா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன்.

பள்ளத்தை அடைத்துத் தேய்த்துவிட்டால் சரியாகிவிடும். அது எனக்குத் தெரியாததல்ல. கத்துகிற நேரத்தில் அதெல்லாம் ஞாபகம் வராது. ஈரத் துணியால் சந்தனத்தைத் துடைத்தேன். அச்சை வெயிலில் சாய்த்துப் பார்த்தேன். ஜீப்காரர் விரல் வாழைப்பழப் பருமன். இந்தப் பள்ளம் சுண்டைக்காய் அளவுதான் இருந்தது. குறுக்கே ஒரு கோடு ஓடியது. முதலில் கீறல் என்று நினைத்தேன். நகத்தால் தடவியபோதுதான் அது ஒரு தழும்பின் தடம் என்று புரிந்தது. நான் வந்த முதல் மாதம் பலாக்காய் நறுக்கும்போது மோதிர விரலில் அவள் அரிவாள்மனையால் வெட்டிக்கொண்டாள். அதற்குக் கட்டுப் போட்டவன் நான். அந்தத் தழும்பு எப்படிப் போகும் என்று எனக்கு மனப்பாடம்.

அவள் நோட்டுக் கட்டோடு பள்ளிக்கூடத்திலிருந்து வந்தாள். கொட்டகை வாசலில் வழக்கம்போல் நின்றாள்.

"நீயா வெச்ச?"

"ஆமா."

"தொடக்கூடாதுன்னு சொன்னேனே?"

"சொன்னீங்க." நோட்டுக் கட்டை இடுப்பில் மாற்றிக்கொண்டாள். "வெள்ளிக்கிழம கோயிலுக்குப் போய்ட்டு வந்தேன். நீங்க தூங்கிக்கினு இருந்தீங்க. கைல சந்தனம் இருந்திச்சி. வெச்சிட்டேன்."

"போவாதீங்கன்னு வாயத் திறந்து என்கிட்ட சொல்லக்கூடாதா?"

"சொன்னா எனக்காவ இருந்துடுவீங்க. அப்பால வேல இல்லன்னு தெனம் கோவப்படுவீங்க. வேல அமைஞ்சி நீங்களா இருக்கணும். அதான் சாமிகிட்ட சொன்னேன்." நோட்டுக் கட்டைக் கீழே வைத்தாள். "இன்னொரு தபா அந்த பஸ்ல உங்கள ஏத்திவுட்டுட்டு நிக்க என்னால முடியாதுங்க."

இரண்டு வருடம் கை ஆட்டாமல் நின்றவளை நான் எத்தனை தடவை கல் நெஞ்சக்காரி என்று நினைத்திருக்கிறேன்! வெட்கமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது. இரண்டையும் மறைக்கத் தெரியாமல், "காப்பி போடட்டுமா?" என்றேன்.

மறுநாள் காலையில் ஜீப்காரர் வீட்டுக்குப் போய் அசடு வழிய நின்றேன். தப்பு என்னுடையது, வைத்தது என் வீட்டுக்காரி, மன்னித்துக்கொள்ளுங்கள், பொட்டை அடைத்துவிட்டு பானட்டைச் சுத்தமாக எடுத்துக் கொடுக்கிறேன் என்றேன். நேற்று பத்துப் பேர் முன்னால் கத்தியதற்கு இன்று அவர் வீட்டில் இருந்த நாலு பேர் சாட்சி.

"டீச்சர் வெச்சதா?" அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அத்த அழிக்காதீங்க சார். நான் வெக்கறது மழையில கரைஞ்சி பூடுது. இது கரையாதில்ல?"

அழிக்கவில்லை. போகிக்கு இரண்டு நாள் முன்பு பானட் வண்டியில் ஏறியது. விறகுக் கட்டை இல்லாமல், ஓரிடத்திலும் நிற்காமல், போளூரிலிருந்து மலை ஏறி வந்து சேர்ந்தார். சந்தைத் திடலில் இறங்கியதும் அச்சின் பள்ளம் பானட்டில் பொட்டாகப் புடைத்திருந்த இடத்தில் கச்சிதமாகக் குங்குமம் வைத்தார். பார்த்துக்கொண்டிருந்த இன்னொரு ஜீப்காரர் என்னிடம் வந்து, "எனக்கும் ஒண்ணு. பொட்டோட" என்றார்.

முதலாளியின் கடிதத்துக்கு நான் பதில் எழுதவில்லை. அதன் பின்பக்கத்தில் மலைக் குளிருக்கு ஹார்டனர் எவ்வளவு கூடுதலாக ஊற்ற வேண்டும் என்று குறித்துக் கொட்டகைச் சுவரில் ஒட்டிவைத்தேன். அடுத்த சில வருடங்களில் அந்த அச்சிலிருந்து நிறைய பானட்டுகள் வெளியே போயின. எல்லாவற்றிலும் அவள் விரல் தழும்பு இருந்தது. நான் கடைசிவரை டீச்சர் வூட்டுக்காரர்தான். யாராவது அப்படிக் கூப்பிட்டால் முதல் ஆளாகத் திரும்பிப் பார்ப்பேன்.

ஒரு நாள் வெளியூர்க்காரர் ஒருவர் வாசலில் நின்று, ஞாயிற்றுக்கிழமை சாயங்கால பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார். நான் அவளைப் பார்த்தேன், அவள் என்னைப் பார்த்தாள். எங்கள் இரண்டு பேருக்குமே அது மறந்து போயிருந்தது.