சம்மணம் போட ஒரு பெஞ்சு

செய்தி வந்தபோது சாயங்காலம் நாலு மணி. அம்மா காப்பிக்குக் கருப்பட்டி தட்டிக்கொண்டிருந்தாள். வாசலில் நின்றவன் லாரி கிளீனர் மாசானம். பூங்கா பெஞ்சில் தூங்குகிறான் என்று அய்யா தினமும் தட்டி எழுப்பித் துரத்துவாரே, அதே மாசானம்.

"அக்கா, அண்ணாச்சி பெஞ்சில சாஞ்சவரு எந்திக்கல. இன்னைக்கு நான் தட்டித் தட்டிப் பாத்துட்டேன்" என்றான்.

என் தகப்பனார் தாணுலிங்கத்தை நாங்கள் அய்யா என்றுதான் கூப்பிடுவோம். உடன்குடியிலிருந்து வந்து தூத்துக்குடியில் கருப்பட்டிக் கடை போட்டவர். ஆயுசெல்லாம் கல்லாவுக்குப் பின்னால் பலகையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தவர். நாற்காலியில் காலைத் தொங்கவிட்டால் அவருக்குக் கால் வீங்கும், பேச்சும் வராது.

அய்யாவின் எழுபத்தாறாம் வயதில், துறைமுகச் சாலையோரத்துக் காலிமனையைப் பூங்கா ஆக்க எங்கள் தெருவில் ஒரு கமிட்டி கிளம்பியது. தலைவர் கிருபாநிதி, ஓய்வுபெற்ற ஓவர்சியர். வயதானவர்களுக்கான பூங்காவை வயதானவர்களைக் கேட்டுத்தான் கட்ட வேண்டும் என்பது அவர் கொள்கை. தெருவிலிருந்த கிழவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காப்பியும் காராச்சேவும் கொடுத்துக் கேட்டார். கிழவிகளைக் கூப்பிட யாருக்கும் தோன்றவில்லை.

அம்மாவுக்கு முழங்கால் வலி. உட்கார்ந்தால் எழுந்திருக்கப் பிடிமானம் வேண்டும். அதனாலேயே வெளியே போவதை விட்டிருந்தாள். அய்யா கூட்டத்துக்குப் புறப்பட்டபோது சொல்லி அனுப்பினாள்.

"பெஞ்சோரத்துல பிடிச்சு எந்திக்க ஒரு கம்பி வேணும்னு சொல்லுங்க. அது இல்லன்னா நான் அங்கன வந்து என்ன செய்ய?"

"சொல்லுதேன்ளா. அதுக்குத்தான போறேன்."

கூட்டத்தில் அய்யா எழுந்தார். "கால மடக்கி உக்கார முடியாத பெஞ்சு என்ன பெஞ்சு? அது ஆஸ்பத்திரி வராண்டாவுல கெடக்கட்டும்." வந்திருந்தவர்களில் பாதிப் பேர் கடைக்காரர்கள், கைதட்டினார்கள். கிருபாநிதி அங்கேயே அய்யாவைத் தரையில் சம்மணமிட்டு உட்கார வைத்து, முழங்கால் முட்டிய இடத்தில் சாக்பீஸால் கோடு கிழித்து அளவு எடுத்தார். அந்தப் பெருமையில் கம்பி மறந்துபோயிற்று.

சொன்ன அளவில் பெஞ்சுகள் வந்தன. கிழவர்கள் சில நாள் ராஜாக்கள் மாதிரி உட்கார்ந்தார்கள். அதற்குள் துறைமுகத்துக்குச் சரக்கு கொண்டுவரும் லாரிக்காரர்கள் கண்டுகொண்டார்கள், இவ்வளவு அகலமான பெஞ்சு வேறெங்கும் இல்லையென்று. மத்தியானமானால் எல்லாவற்றிலும் ஆள் படுத்திருக்கும்.

அம்மா ஒரே ஒரு நாள் போனாள். அவளைத் தூக்கி நிறுத்த அய்யாவோடு மாசானமும் கைகொடுக்க வேண்டியிருந்தது. வீட்டுக்கு வந்து சொன்னாள்: "கெழவனுவல்லாம் காராச்சேவத் தின்னுட்டு, லாரிக்காரனுக்குக் கட்டில் போட்டுக் குடுத்திருக்கிய. இனிமே நான் வரல."

அய்யா கடைத்தெருவுக்குக் கிளம்பினார். காயலான் கடையில் ஒரு பழைய இரும்புக் குழாய் வாங்கி, 'ப'வைக் கவிழ்த்ததுபோல் வளைத்து வந்தார். கொத்தனார் தேவதாசன் நாளைக்கு நாளைக்கு என்று இழுத்ததால், தாமே கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு போனார். மாசானம் படுத்தபடியே கேட்டானாம்: "எனக்கா அண்ணாச்சி கம்பி போடுதிய? நல்லதுதான். உருண்டு விழ மாட்டேன்."

"ஏலே, எந்திரிலே. இது எம் பொண்டாட்டிக்கு."

அன்று மத்தியானம் குழி தோண்டி, குழாயை இறக்கி, ஒரு காலுக்குச் சிமெண்ட் போட்டு முடித்தவர், மறு காலுக்குக் குழைக்குமுன் கொஞ்சம் சாய்ந்திருக்கிறார். சம்மணம் போடக் கேட்ட அகலம், படுக்கவும் அவருக்குச் சரியாக இருந்திருக்கிறது. துட்டிக்கு, துக்கம் விசாரிக்க, வந்த கிருபாநிதி இதைச் சொல்லி ஆறுதல்பட்டார்: "எங்கயோ ரோட்டுல விழாம, அவரு சொன்ன பெஞ்சுலயே போனாரு. பெரியவங்களக் கேட்டுச் செஞ்சதுக்கு அதுவாவது மிச்சம்."

அம்மா அவரை ஒரு பார்வை பார்த்தாள். எழுந்து உள்ளே போகத்தான் நினைத்தாள், எழ முடியவில்லை.

இன்று பூங்கா வழியாக வந்தேன். குழாயின் ஒரு கால் சிமெண்டில் இறுகியிருக்கிறது. பிடித்தால் ஆடுகிறது. மறு காலின் குழி இன்னும் நிரப்பப்படவில்லை.